தொண்டையில் குழாயோடு அம்மா வீட்டுக்கு வந்து 4 நாள்: ராத்திரி விசில் அடிக்கிறது, என்ன செய்வது?

காவிரிக்கரை மகள் கேட்டது:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை. ஆவணியில் குரல் கம்மியது. சளி என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தோம். மாசியில் சோறு இறங்கவில்லை. பங்குனிக் கடைசியில், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கிணற்று உருளை கிறீச்சிடுவது போல ஒரு சத்தம். ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் திண்ணையில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விடிந்தது.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். குரல்வளையை அடைத்துக்கொண்டு கட்டி. சதை எடுத்துப் பரிசோதிப்பது அப்புறம், முதலில் மூச்சுக்கு வழி பண்ண வேண்டும் என்றார்கள். முழு மயக்கம்கூடக் கொடுக்கவில்லை, கழுத்தில் மரப்பு ஊசி போட்டு அன்றைக்கே ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான். வெளியே வந்த அம்மா ஒரு சத்தமும் இல்லாமல் தூங்கினார். எட்டு மாதத்தில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது வெள்ளி மாதிரிப் பளபளக்கும் இரும்புக் குழாய். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். சீட்டில் புல்லர் டியூப் என்று எழுதியிருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று ஒரு சிஸ்டர் அவசர அவசரமாக ஒருமுறை கழுவிக் காட்டினார். நானும் எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி மறந்துவிட்டது.

முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயிலிருந்து விசில் சத்தம். அம்மா என் கையைப் பிடித்து இழுக்கிறார், முகமெல்லாம் வியர்வை. உள் குழாயைத் திருகி வெளியே எடுத்தேன். அதன் நுனியில் காய்ந்த பிசின் மாதிரி பழுப்பாக ஒரு கட்டி, சுண்டுவிரல் நகம் அளவு. எடுத்ததும் மூச்சு சரியாகிவிட்டது. எனக்குத்தான் கை நடுக்கம் விடியும் வரை நிற்கவில்லை. நான் செய்தது சரியா? அப்படி எடுக்கலாமா?

இன்னொன்று, அம்மா காபி குடித்தால் உடனே இருமல். நேற்று குழாய் வழியாக வந்த சளியில் காபி நிறம் இருந்தது. கரண்ட் (புற்றுநோய்க்கான கதிர் சிகிச்சை) வைக்க 35 நாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் மாற்ற வேண்டுமாம். நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்? அப்புறம் இந்த ஓட்டை கடைசி வரை இருக்குமா? பேச்சு வருமா? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏதாவது வேண்டும் என்றால் கட்டிலைத் தட்டுகிறார், அடுப்படியில் இருந்தால் எனக்குக் கேட்பதில்லை.

அப்பா கழுத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "கழுத்துல ஓட்டை போட்டா அவ்வளவுதான்" என்று அத்தை வாசலில் நின்று அம்மாவுக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனார்.


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:

தங்கச்சி, ராத்திரி இரண்டு மணிக்கு நீ செய்ததுதான் முதலில் செய்ய வேண்டியது. மூச்சு முட்டினாலோ விசில் கேட்டாலோ முதலில் உள் குழாய் வெளியே வர வேண்டும். மற்ற யோசனையெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு குழாய் வைத்ததே அதற்காகத்தான். உள் குழாய் வெளிக்குழாயைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் சளி அதன் நுனியில் போய் ஒட்டும். அதை எடுத்துவிட்டால் வெளிக்குழாய் வழியாக மூச்சு ஓடும். வெளிக்குழாயை மட்டும் நீ எடுக்கவே கூடாது.

நான் ஈ.என்.டி. வார்டில் 22 வருடம் இருந்தவள். டிஸ்சார்ஜ் அன்று தலையாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் நான் கழுவிக் காட்டமாட்டேன், அவர்களைக் கழுவச் சொல்லி நான் பார்ப்பேன். இப்போது எழுத்தில்தான் காட்ட முடியும், பொறுமையாகப் படி.

அந்தக் கட்டி ஏன் வந்தது? நாம் இழுக்கும் காற்றை மூக்கு ஈரமாக்கி, சூடாக்கி, தூசியை வடிகட்டி அனுப்பும். அம்மாவுக்கு இப்போது மூக்கு வேலை செய்யவில்லை, சித்திரை வெயில் காற்று நேராக மூச்சுக்குழாயில் இறங்குகிறது. சளி காயாமல் என்ன செய்யும்? காஸ் துணியை இரண்டு மடிப்பாக்கி, நனைத்து, சொட்டாமல் பிழிந்து, குழாய்க்கு முன்னால் குழந்தைக்குக் கழுத்துத்துணி கட்டுவது போலத் தொங்க விடு. காயக்காய நனைக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன்னால் ஒருமுறை, நடுவில் நீ எழுந்தால் ஒருமுறை. டாக்டரிடம் கேட்டு, உப்புத் தண்ணீரைச் சாரலாக்கித் தரும் நெபுலைசர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அண்டாவில் வென்னீர் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கிறேன் என்று கழுத்தைக் காட்டிவிடாதே, உள்ளே வெந்துவிடும்.

கழுவுவது: இடது கை விரலால் வெளிக்குழாயின் தகட்டை அமுக்கிப் பிடித்துக்கொள். வலது கையால், பூட்டு இருந்தால் அதைத் திருகி, உள் குழாயை அதன் வளைவிலேயே கீழ்நோக்கி இழு. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், அதில் ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், அதில் போட்டால் காய்ந்த சளி இளகும். மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறை மாதிரி நிழல் இருந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. உதறிவிட்டு உடனே மாட்டு. ஒரு நாளைக்கு ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போடு, ஆனால் ஆறின பிறகுதான் மாட்ட வேண்டும். சிரிக்காதே, சூட்டோடு மாட்டிய மகனை நான் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவு. உள் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டு வராதே. அதற்குள் வெளிக்குழாயில் சளி படிந்தால் உள் குழாய் திரும்ப ஏறாது.

நாடா மாற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தகட்டை விடாமல் பிடிக்க, இன்னொருவர் புது நாடாவைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை வெட்ட வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகலாம், மூன்று விரல் போனால் இருமும்போது குழாய் எகிறிவிடும். முடிச்சு கழுத்தின் பக்கவாட்டில் இருக்கட்டும். தகட்டுக்கு அடியில் வைக்கும் துணியைக் கத்தரியால் வெட்டாதே, மடித்து வை. வெட்டின ஓரத்திலிருந்து நூல் பிரிந்து மூச்சோடு உள்ளே போகும்.

சளி உறிஞ்சும் சக்சன் மெஷின் இருந்தாலும், அம்மாவால் தானாக இருமித் துப்ப முடிந்தால் அதைத் தொடாதே. தேவைப்பட்டால், மெஷினின் டியூபை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும்தான், மொத்தமே பத்து நொடி. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய் என்பேன். உனக்கு முட்டும்போது அவர்களுக்கும் முட்டும்.

குழாயே மொத்தமாக வெளியே வந்துவிட்டால்? ஓட்டை போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன், அதற்குள் வழி ஓரளவு உறுதிப்பட்டிருக்கும். அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொல், ஓட்டை வழியாகவே மூச்சு விடுவார். வார்டில் சொல்லிக்கொடுத்திருந்தால் மட்டும் மெதுவாகத் திரும்பச் செருகலாம். தடுத்தால் அமுக்கவே கூடாது, தோலுக்கடியில் தப்பான வழியில் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்பு. நாளைக்குப் போகலாம் என்று வைத்தால் ஓட்டை சுருங்கிவிடும். இதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சிறியதும் ஒரு டப்பாவில் போட்டு, எங்கே போனாலும் கையோடு போகட்டும்.

காபி விஷயத்தைத்தான் நீ நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அதுதான் பயம். குடித்தது குழாயில் வருகிறது என்றால் நுரையீரலுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். இன்றைக்கே வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு நாளைக் காலையில் டாக்டரிடம் காட்டு. மூக்கு வழியாக உணவுக் குழாய் போட வேண்டி வரலாம். போட்டால் ஐயோ என்று நினைக்காதே, கரண்ட் வைக்கும்போது வாய் புண்ணாகிப் பலருக்கு விழுங்குவதே கஷ்டமாகிவிடும், எடை குறையாமல் காப்பாற்றுவதே அந்தக் குழாய்தான்.

இரும்பை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டாய். கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறும். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலுக்கு அளவுக்கு மேல் போய் வெந்துவிடும். கதிர் எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட எடுக்கும் ஸ்கேனிலும் உலோகம் கீற்றுக் கீற்றாக விழுந்து படத்தைக் கெடுக்கும். அதனால் பிளாஸ்டிக். ஒன்று மட்டும் மறக்காமல் கேள்: உள் குழாயோடு வரும் பிளாஸ்டிக் டியூப் கிடைக்குமா என்று. சாதாரணமாகப் போடுவது ஒற்றைக் குழாய். அதில் அடைப்பு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு நீ கழற்ற ஒன்றும் இருக்காது.

ஓட்டை நிரந்தரமா என்றால், உன் அம்மாவுக்குக் குரல்வளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதற்குக் கீழே வழி வெட்டியிருக்கிறார்கள். கட்டி கரைந்து, கரண்டின் வீக்கமும் வடிந்த பிறகு, குழாயை அடைத்து வைத்து மூச்சு விட முடிகிறதா என்று வார்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். முடிந்தால் எடுத்துவிடுவார்கள், ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். கட்டி அடங்காவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம், அது வேறு கதை. அதுவரை குழாயை விரலால் மூடிப் பேசிப் பார் என்று யாராவது சொன்னால், டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மேலே வழி அடைத்திருக்கிறது, மூடினால் முட்டும்.

சளியில் கீற்றாக ரத்தம் வந்தால் பயமில்லை, பெரும்பாலும் வறட்சிதான். கொட்டுகிற மாதிரி புது ரத்தம் வந்தால், நின்றுவிட்டாலும் சரி, உடனே ஆஸ்பத்திரி.

அத்தையிடம் நான் கேட்டதாகக் கேள்: ஓட்டை போடாமல் இருந்திருந்தால் அந்தத் திண்ணை ராத்திரிக்கு அடுத்த ராத்திரி என்ன ஆகியிருக்கும்?


இயற்கை வழி:

சகோதரி, பயப்படாதீர்கள். என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வைத்தார்கள். மஞ்சள் தண்ணீரை ஓட்டைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டோம், மூன்றாவது மாதம் நாங்களே வீட்டில் கழற்றிவிட்டோம். கரண்ட் வைத்தால் உடம்பு சூடாகி எலும்பெல்லாம் உருகிவிடும், நாட்டு மருந்து பாருங்கள்.


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:

ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு எதற்காக வைத்தார்கள் என்று சொல்லவில்லையே. விபத்தில் தலையில் அடிபட்டு மூச்சுக் கருவியில் இருந்து மீண்டவருக்கும் குழாய் இருக்கும், அது எடுக்கக்கூடியதுதான். இந்த அம்மாவுக்கு மேலே கட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் கழற்றினால் சாயங்காலம் தாங்காது. கரண்டில் எலும்பு உருகாது. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், மூச்சுக்குழாயில் விடாதீர்கள்.


பழைய கண்டக்டர்:

மகளே, சிஸ்டர் சொன்ன அந்த வேறு கதை நான்தான். திருநெல்வேலி–தென்காசி ரூட்டில் 30 வருடம் கண்டக்டர். வாயில் விசில், விசில் இல்லாத நேரம் பீடி. 2018-ல் குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். மூச்சுக்குழாயை வளைத்துக் கொண்டுவந்து கழுத்துத் தோலோடு தைத்துவிட்டார்கள். எனக்கு மூக்குக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த ஓட்டை மூடாது, மூடவும் கூடாது.

பிஞ்சு வயசில் கத்துக்கிட்ட காரியமெல்லாம் மூச்சால் செய்வது என்று அப்போதுதான் தெரிந்தது. காபியை ஊதி ஆற்ற முடியாது. பேரன் பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி அணைக்க முடியாது. மூக்கு சிந்த முடியாது. மூச்சை அடக்கிப் பிடிக்க முடியாததால் அரிசி மூட்டையைத் தூக்கினால் கைக்கு வலு வரவில்லை, கக்கூஸில் முக்கவும் முடியவில்லை. மலம் இறுகாமல் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் மூன்றாம் நாள்தான் புரிந்தது. மணம் தெரியாது. குழம்பு தீய்ந்தால்கூடப் பரவாயில்லை, கேஸ் கசிந்தாலும் தெரியாது, அதனால் வீட்டில் கசிவு காட்டும் மணி ஒன்று மாட்டியிருக்கிறோம். ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள்: வாயை மூடிக்கொண்டு, கொட்டாவி வருவதை நாலு பேர் நடுவில் மறைப்போமே, அந்த மாதிரி தாடையைக் கீழே இறக்கினால் கொஞ்சம் காற்று மூக்குக்குள் ஏறும். தினமும் செய்து ஆறு மாதத்தில் மல்லிகைப்பூ தெரிந்தது. பெருங்காயம் அதற்கு முன்னாலேயே தெரிந்தது, அது என் சாமர்த்தியம் இல்லை.

உன் அம்மாவுக்கும் எனக்கும் பொதுவானது ஒன்று உண்டு, அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை. ஒரு கல்யாண மண்டபத்தில் வெயிலுக்கு மயங்கி விழுந்துவிட்டேன். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். ஒருவர் சோடா பாட்டிலையே உடைத்துக் கொண்டு வந்தார். அந்தத் தண்ணீர் நெற்றியிலிருந்து வழிந்து எங்கே போகும்? நேராக ஓட்டைக்குள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் பேரன்தான் எல்லோரையும் தள்ளிவிட்டுத் துண்டால் கழுத்தை மறைத்தான். பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து மூக்கிலும் வாயிலும் வைத்தார்கள். சுவருக்கு வைத்த மாதிரிதான். "கழுத்துல வைங்க, கழுத்துல" என்று பையன் கத்தியிருக்கிறான். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஓர் அட்டை: நான் கழுத்து வழியாக மூச்சு விடுகிறேன், ஆக்சிஜனைக் கழுத்தில் கொடுக்கவும். தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். உன் அம்மாவுக்கும் ஒன்று எழுதி லேமினேட் பண்ணு.

குளிக்கும்போது கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர். தலைக்கு ஊற்ற வேண்டுமானால் முன்னால் குனிந்துகொண்டு, வேறொருவர் ஊற்ற வேண்டும். ஆற்றில் இறங்கவே கூடாது. தாமிரபரணிக் கரைக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா? கொசுவத்தி, சாம்பிராணி, தாளிக்கிற புகை, முகப்பவுடர் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். விபூதியை நெற்றியில் தூவாமல் தண்ணீரில் குழைத்து இடச் சொல்.

பேச்சைப் பற்றிக் கேட்டாயே. உன் அம்மாவுக்கு இப்போதைக்கு டாக்டர் சொல்வதுதான். என்னைப் போல ஆனால்கூடப் பேச்சு போய்விடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் சின்ன வால்வு வைத்தார்கள். ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி மூச்சை வெளியே தள்ளினால், காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குப் போகும், அங்கே தொண்டைச் சதை அதிர்ந்து குரல் வரும். சாப்பாடு திரும்ப இந்தப் பக்கம் வராது, ஒரு வழிப் பாதை. சில மாதத்துக்கு ஒருமுறை வால்வு கசியும். காபி குடித்ததும் இருமல் வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய். பெங்களூரில் டாக்டர் விஷால் ராவ் 50 ரூபாய் விலையில் ஒரு வால்வு செய்ததைப் பேப்பரில் படித்துவிட்டு என் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். சிரித்தார். ஆனால் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

முதல் நாள் ஸ்பீச் தெரபி அம்மா ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். "போகலாம் ரைட்" என்று வந்தது. முப்பது வருடப் பழக்கம், நான் என்ன செய்ய?

குரல்வளையை எடுக்கும் இந்த ஆபரேஷனை 1873-ல் வியன்னாவில் பில்ரோத் என்ற டாக்டர் ஒரு புற்றுநோயாளிக்கு முதலில் செய்திருக்கிறார், அந்த நோயாளிக்கு அவர் உதவியாளர் செயற்கைக் குரல்வளை ஒன்றும் செய்து கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே மூச்சோடு பேச்சையும் யோசித்திருக்கிறார்கள். இந்தக் காலத்து வார்டில்தான் சில நேரம் நாம் கேட்டால்தான் சொல்கிறார்கள்.


சேலம் தம்பி:

அக்கா, இரண்டு விஷயம் மட்டும். எங்கள் அப்பாவுக்குக் குழாய் இருந்தபோது கரண்ட் கட் பெரிய தலைவலி. காலால் மிதிக்கிற சக்சன் மெஷின் என்று ஒன்று சர்ஜிகல் கடையில் கிடைக்கும், தையல் மெஷின் மாதிரி மிதித்தால் உறிஞ்சும். பேட்டரியும் வேண்டாம். அதை வாங்கின பிறகுதான் ராத்திரி தூங்கினோம். இரண்டாவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கரண்ட் வைக்கிற செலவு அதில் வரும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. இல்லையென்றால் வருமானச் சான்று வாங்கி இப்போதே அலையுங்கள், மெஷின் தேதி கிடைத்த பிறகு அலைய முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சிஸ்டர் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கடைசி மூன்று மாதம் டிரெஸ்ஸிங் எல்லாம் அவர்தான்.


காவிரிக்கரை மகள்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காபி விஷயத்துக்காக மறுநாளே போனோம், மூக்கு வழிக் குழாய் போட்டுவிட்டார்கள். முதல் வாரம் அம்மாவுக்கு என் மேல் கோபம். இப்போது கேழ்வரகுக் கஞ்சியை அதில் விடும்போது ருசி பார்ப்பது போல வாயை அசைக்கிறார்.

கரண்ட் 14 நாள் முடிந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு மாஸ்க் செய்து, குழாய் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதை மாட்டி மேஜையோடு பூட்டும்போது, அம்மா சைகை செய்தால் உடனே நிறுத்திவிடுவோம் என்று அங்கே இருந்த டெக்னீஷியன் தம்பி சொல்லிக்கொடுத்தார். பத்து நிமிட வேலைதான். கழுத்துத் தோல் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. சளி முன்பைவிடக் கெட்டியாக வருகிறது.

பிளாஸ்டிக் டியூப் உள் குழாயோடு வேண்டும் என்று கேட்டதற்கு, வெளியே வாங்கி வந்தால் போடுகிறோம் என்றார்கள். வாங்கினேன். சிஸ்டர் அக்கா, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. இந்த முறை அவர்கள் எதிரிலேயே மூன்று தடவை நான் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கண்டக்டர் ஐயா, அட்டை எழுதி லேமினேட் பண்ணி அம்மாவின் தலையணைக்கடியில் ஒன்று, பர்ஸில் ஒன்று. அப்பா இன்னும் கழுத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் தொழுவத்தில் இருந்த பழைய மாட்டு மணியைப் புளி போட்டுத் துலக்கி, கயிறு கட்டிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருக்கிறார். அடுப்படிக்கு என்ன, அடுத்த தெருவுக்கே கேட்கும். ராத்திரி மணி அடித்தால் எனக்கு முன்னால் அவர்தான் எழுந்து லைட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இரும்பு டியூபைக் கொதிக்க வைத்தது போலப் பிளாஸ்டிக் உள் குழாயையும் கொதிக்க வைக்கலாமா?


ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர்:

கூடவே கூடாது, வளைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா போட்டு ஊறவை, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய், கொதித்து ஆறின தண்ணீரில் அலசு. சளி கெட்டியாகிறது என்றால் நெபுலைசரை எத்தனை தடவை வைக்கலாம் என்று கரண்ட் டாக்டரிடம் நாளைக்கே கேள். தோல் கறுத்த இடத்தில் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் தடவாதே, நாடா உரசுகிறதா என்று மட்டும் பார். மாட்டு மணி நல்ல யோசனை. அதன் நாக்கு துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்.